யாரிடம் மனம் திறப்பது?

உதவி பெறும் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். அங்கே புதிய ஆசிரியர் ஒருவரை அமர்த்தும்போது இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்வோம். முதலில் அவருடைய சான்றிதழ்களை வாங்கிப் பார்ப்போம். பிறகு அவரை ஒரு வகுப்புக்கு அனுப்பி, மாதிரிப் பாடம் ஒன்று நடத்தச் சொல்லி, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்போம். சான்றிதழ் இல்லாதவரை வகுப்புக்குள் விடமாட்டோம். சான்றிதழ் இருந்தும், அவர் முன்னிலையில் பிள்ளைகள் வாய் திறக்க அஞ்சினால், அவரை அமர்த்தவும் தயங்குவோம். கணக்குச் சொல்லிக் கொடுப்பவருக்கே இவ்வளவு சோதனை வேண்டுமென்றால், நம்முடைய மனத்தையே ஒப்படைக்கப்போகும் ஒருவருக்கு எவ்வளவு வேண்டும்! ஆனால் அந்த இடத்தில்தான் நாம் ஒன்றும் கேட்பதில்லை. கைப்பேசி வழியாகவும் காணொலி வழியாகவும் மனநல ஆலோசனை பெறும் வழக்கம் இன்று பெருகி வருகிறது. அவ்வழியில் நமக்கு ஏற்றவரை நம்முடைய மாநிலத்திலேயே தேடிக் கண்டுகொள்வது எப்படி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இதை நான் சொல்ல முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்தவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். குழந்தை பிறந்து ஆறு மாதமாகியும் இரவில் உறக்கம் வருவதில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. குழந்தையைத் தூக்கக் கை எழவில்லை. கைப்பேசியில் கண்ட விளம்பரம் ஒன்றை நம்பி, பன்னிரண்டு அமர்வுகளுக்கும் சேர்த்து முன்பணம் கட்டியிருக்கிறாள். முதல் வாரம் ஒருவர் பேசினார். இரண்டாம் வாரம் வேறொருவர். மூன்றாம் வாரம் மற்றுமொருவர். ஒவ்வொருவரிடமும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் இருவருக்குத் தமிழ் தெரியாது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொல்லியிருக்கிறாள். மூன்றாமவர், நல்லதையே நினைக்கும்படி புத்தி சொல்லிவிட்டு, நேரம் முடிந்தது என்று போய்விட்டார். அவர்கள் என்ன படித்தவர்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

“பணம் போனது போகட்டும், ஐயா. எனக்கு எந்த வைத்தியமும் பலிக்காது என்று தெரிந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை” என்றாள் அவள்.

நேயர்கள் இந்த வார்த்தையைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். பொருந்தாத செருப்பை வாங்கினால் காலில் கோளாறு என்று யாரும் நினைப்பதில்லை. செருப்பைத்தான் குறை கூறுகிறோம். ஆனால் மனம் நொந்தவர்கள் தகுதியில்லாத ஓர் ஆலோசகரிடம் அகப்பட்டுக்கொண்டால், குறை தம்மிடமே இருப்பதாகத் தீர்மானித்துவிடுகிறார்கள். மனச்சோர்வு என்னும் நோயின் இயல்பே அதுதான். எல்லாப் பழியையும் தன்மேலேயே சுமத்திக்கொள்ளச் செய்யும். ஆகவே தவறான தேர்வினால் வரும் பெரிய நஷ்டம் பணமன்று, நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால், சரியான மருத்துவர் அடுத்த தெருவிலேயே இருந்தாலும் நோயாளி படியேற மாட்டார்.

படியேறாதவர்கள் ஏற்கெனவே மிகப் பலர். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தனர் என்று அது கண்டது. அவர்களில் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையும் பெறாதவர்கள். வெட்கம் ஒரு காரணம். தூரம் மற்றொரு காரணம். சென்னையில் மனநல மருத்துவமனை 1794-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயினும் கிராமத்தில் இருப்பவருக்குச் சென்னை அன்றும் தூரம், இன்றும் தூரம்.

அந்தத் தூரத்தைக் கம்பியில்லா வழியில் கடக்கலாம் என்பதை நம் மாநிலம் முன்னதாகவே செய்து பார்த்திருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984-இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. பேருந்துக்குள் ஓர் அறை. அறைக்குள் ஒரு திரை. கிராமத்து நோயாளி அதன் முன் உட்கார்ந்தால், சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் அவரைக் கண்டு பேசுவார். எழுதித் தரும் மருந்தைப் பேருந்திலேயே வாங்கிக்கொள்ளலாம். திரை வழியாகச் சொல்லும் துயரத்தைத் துயரமாகவே கேட்க முடியும் என்பதற்கு இது சான்று. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் காணொலி வழியாக முறையாகப் பேசிப் பெறும் சிகிச்சை, நேரில் பெறுவதற்கு ஒப்பான பலனைத் தரக்கூடும் என்று பல ஆய்வுகளும் கூறுகின்றன. முறையாக என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

அன்று அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். யாரிடம் ஆலோசனைக்குப் போவதானாலும் இவற்றைக் கேட்டுவிட்டுப் போ என்றேன். அவற்றையே இங்கும் சொல்கிறேன்.

முதற் கேள்வி: நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு பெற்றிருக்கிறீர்கள் என்பது. மனநலத் துறையில் பணிபுரிவோர் பல வகையினர். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் எம்.டி. போன்ற பட்டமோ டி.பி.எம். என்னும் பட்டயமோ பெற்றவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. அவருடைய பெயர் மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் மேற்பட்டம் பெற்று, மருத்துவமனையில் மேற்பார்வையுடன் பயிற்சியும் பெற்றவர். அவர் மருந்து தரமாட்டார். பேச்சினாலும் பயிற்சியினாலும் சிகிச்சை செய்வார். அவருடைய பெயர் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மனநல சமூகப் பணியாளர்களும் உண்டு. இவர்களைத் தவிர, ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டியவர்கள் மிகப் பலர். அவர்களில் நன்கு பயின்றவர்களும் உண்டு; ஒரு வாரச் சான்றிதழை வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறவர்களும் உண்டு. ஆலோசகர் என்ற சொல் மட்டுமே ஒருவருடைய தகுதிக்குச் சான்றாகாது. இத்தகையோரையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவருவதற்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டமொன்று வகை செய்திருக்கிறது. எனினும் விசாரிக்கும் பொறுப்பு நம்முடையதே. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தந்தக் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை.

எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டா. தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் வெளியிட்டது. மருத்துவர் தம்முடைய பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும், கட்டண ரசீதிலும், இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது அந்நெறிகளில் ஒன்று. நோயாளி இன்னார் என்று அறிந்த பின்னரே ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. சில மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதிக் கொடுக்கவே கூடாது. வேறு சிலவற்றை முகம் பார்த்துப் பேசிய பிறகே கொடுக்கலாம். பெயரும் வயதும் கேளாமல் உறக்க மாத்திரை எழுதித் தருகிறவர் யாராயினும் அவரை விட்டு விலகுவதே நலம். சட்டப்படி உரிய வயது நிரம்பாத பிள்ளையாயின், பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பதையும் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இக்காலத்து இளைஞர்கள் தங்கள் துயரத்தை மனிதரிடம் சொல்லாமல், கணினியின் செயற்கை அறிவிடம் சொல்லி விடை கேட்கிறார்கள். அது நடு இரவிலும் அலுக்காமல் விடை கூறுகிறது என்பது உண்மையே. ஆனால் அத்தகைய இயந்திரம் தானே நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் மருந்து எழுதுவதையும் நான் சொன்ன அந்த நெறிகள் அனுமதிக்கவில்லை. நாளை ஒரு விபரீதம் நேர்ந்தால், அதற்குப் பொறுப்பேற்கப் பதிவு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

இரண்டாம் கேள்வி: என் மொழியில் பேசுவீர்களா என்பது. நம் மாநிலத்தவரையே முதலில் தேட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுவே. நம்மவர்கள் மனத்தின் நோவை உடம்பின் நோவாகவே பெரும்பாலும் சொல்வார்கள். ‘நெஞ்சு படபடக்கிறது’ என்பார்கள். ‘அடிவயிறு கலங்குகிறது’ என்பார்கள். ‘மனசு கனத்துக் கிடக்கிறது’ என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் ஊறிய ஒருவர் இவற்றைக் கேட்டவுடனே பொருள் கொள்வார். பிறமொழியாளருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது பாதி உதிர்ந்துபோகிறது. மாமியார், நாத்தனார், சீர், வளைகாப்பு, சொந்தத்தில் பெண் கொடுப்பது ஆகியவற்றை விளக்கிக்கொண்டிருப்பதிலேயே அமர்வு முடிந்துவிடும். திருப்பூர்ப் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுதான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவின் எந்தப் பகுதியில் இருப்பவருக்கும் தொலைவழி ஆலோசனை வழங்கலாம். ஆகவே வேறு மாநிலத்தவரிடம் போவது குற்றமன்று. ஆயினும் அருகில் இருப்பவரால் ஒரு பெருநன்மை உண்டு. நிலைமை மோசமானால் எந்த மருத்துவமனைக்குப் போகலாம், யாரைப் பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியும். வேண்டுமானால் நேரிலும் பார்க்கலாம். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அங்கே இத்தொழிலுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே உரிமம் வழங்குகிறது. பொதுவாக, ஆலோசனை பெறுகிறவர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த மாநிலத்தில் செல்லத்தக்க உரிமம் ஆலோசகருக்கு இருக்க வேண்டும். ஆகவே இங்கிருந்து ஒருவரை ஏற்பாடு செய்வதினும், அங்குள்ள தமிழறிந்தவரைத் தேடச் சொல்வதே முறை.

மூன்றாம் கேள்வி: ஒவ்வொரு முறையும் நீங்களே பேசுவீர்களா, கட்டணம் எவ்வளவு என்பது. ஆசிரியரை வாரத்துக்கு வாரம் மாற்றினால் எந்த வகுப்பு உருப்படும்? ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அந்தந்த அமர்வுக்கே பணம் கொடுப்பது நல்லது. பன்னிரண்டுக்கும் சேர்த்து இன்றே கட்டினால் சலுகை என்பது ஜவுளிக் கடைக்குப் பொருந்தலாம். மனநோய்ச் சிகிச்சைக்குப் பொருந்தாது.

நான்காம் கேள்வி: நான் சொல்வது யாருக்குத் தெரியவரும் என்பது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் செய்திகளை இரகசியமாகக் காப்பதை அவருடைய உரிமை என்று வகுத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நல்ல ஆலோசகர் இதை முதல் நாளே தாமாக விளக்குவார். பேச்சு பதிவு செய்யப்படுகிறதா, குறிப்புகள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதையும் கேட்டறியலாம்.

ஐந்தாம் கேள்வி: என்ன முறையில் சிகிச்சை செய்வீர்கள், எத்தனை வாரம் கழித்துப் பலனைப் பார்க்கலாம் என்பது. நாளும் கிழமையும் குறித்து வாக்குறுதி தர யாராலும் முடியாது. ஆனால் ஒரு திட்டம் இருக்க வேண்டும். எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சை முறையில், ஆலோசகர் பள்ளி ஆசிரியரைப் போலவே வீட்டுப் பாடம் கொடுப்பார். எப்போது அழுகை வந்தது, அதற்குமுன் என்ன எண்ணம் எழுந்தது என்று எழுதிவரச் சொல்வார். அடுத்த வாரம் அதைக் கேட்பார். ‘முழுக் குணத்துக்கு நான் பொறுப்பு’ என்று முதல் நாளே சத்தியம் செய்கிறவரைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

இவ்வளவும் சான்றிதழைப் பார்க்கும் வேலை. இனி மாதிரிப் பாடம். முதல் இரண்டு மூன்று அமர்வுகளை நீங்கள் அவரைச் சோதிக்கும் காலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதிகம் பேசுகிறாரா, நீங்கள் பேச இடங்கொடுக்கிறாரா? சென்ற வாரம் சொன்னது அவர் நினைவில் இருக்கிறதா? உங்கள் சாதியையோ, திருமணத்தையோ, பழக்கத்தையோ குறித்துத் தீர்ப்புச் சொல்கிறாரா? மருந்து தேவைப்படலாம் என்று தோன்றும்போது, மருத்துவரிடம் போகும்படி சொல்கிறாரா, தம்மிடமே பிடித்து வைத்துக்கொள்கிறாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமும் சொல்லாத ஒன்றை இவரிடம் சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தோன்றவில்லையென்றால், அதை அவரிடமே சொல்லுங்கள். நல்லவராயின் வருந்தாமல் கேட்பார். தம் முறையை மாற்றிக்கொள்வார். இல்லையேல் வேறொருவரை அவரே காட்டுவார். ஆலோசகரை மாற்றுவது நன்றிகெட்ட செயலன்று. தையற்காரரை மாற்றுகிறோம், பல் மருத்துவரை மாற்றுகிறோம். இதற்கு மட்டும் ஏன் கூச்சம்?

நம் வீடுகளில் ஒரு தொல்லை உண்டு. தனித்துப் பேச இடம் இருப்பதில்லை. கூடத்தில் தொலைக்காட்சி, அடுக்களையில் மாமியார், அறைக் கதவைச் சாத்தினால் ‘என்ன இரகசியம்?’ என்ற கேள்வி. வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வாரத்தில் ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே காவலாக இருப்பதுதான். ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு நிற்காமல், பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் சேர்த்து நான்காகக் கூறுகிறார். அந்த நான்காமவர் குழந்தையைச் சற்று வாங்கிக்கொண்டு, ‘நீ போய்ப் பேசிவிட்டு வா’ என்று சொன்னால் போதும். பாதி நோய் தணியும்.

திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தால், இல்லாத குரல்கள் காதில் கேட்டால், நாட்கணக்காக உணவை ஒதுக்கினால், குடியைத் திடீரென நிறுத்திக் கைகால் நடுங்கினால், அடுத்த அமர்வுக்குக் காத்திருக்கலாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ உடனே அழைத்துச் செல்ல வேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு 14416 என்னும் எண் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ‘டெலி-மானஸ்’ சேவையின் எண் அது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அச்சேவை நடைபெறுகிறது. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது உளவியலும் ஒரு பாடமாக இருந்தது. அதில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் திடீரென்று பேச்சைக் குறைத்தபோது, அவனுடைய தந்தையை வரவழைத்துச் சோம்பல் என்று சொல்லியனுப்பினேன். மறுமாதம் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அன்று நான் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திருப்பூர்ப் பெண் திண்ணையில் உட்கார்ந்து மௌனமாக இருந்தபோது, அந்தப் பையனின் நினைவுதான் எனக்கு வந்தது. அவளை வெறும் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட மனம் வரவில்லை.

அவள் முதலில் 14416-க்குப் பேசினாள். அவர்கள் சொன்னபடி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரை நேரில் கண்டாள். பாலூட்டும் தாய் என்பதை அறிந்து, அதற்கேற்ற மருந்தை அவர் எழுதிக் கொடுத்தார். பேச்சுச் சிகிச்சைக்காக, கோயம்புத்தூரிலுள்ள மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை காணொலியில் பேசத் தொடங்கினாள். என் ஐந்து கேள்விகளையும் முதல் நாளே கேட்டாளாம். அந்த அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லிவிட்டு, இப்படி எல்லாரும் கேட்டால் நன்றாக இருக்கும் என்றாராம். குணம் ஒரு நாளில் வந்துவிடவில்லை. இடையில் இரண்டு வாரம் பழையபடி சோர்ந்தும் போனாள். ஆனால் எந்த வைத்தியமும் பலிக்காது என்ற வார்த்தையை அவள் மறுபடி சொல்லவில்லை.

சென்ற தைப் பொங்கலுக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.